தென்மேற்கு மூலை

எந்த வயலுக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுல தென்மேற்கு மூலை எதுங்க?" பயிர் எப்படி இருக்கிறது, மழை எவ்வளவு தின்றது, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, இதெல்லாம் அப்புறம். அப்புறம் என்றால், வேலை முடிந்து, எடை போட்டு, கையெழுத்து வாங்கி, கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்த பிறகு. அதுவரைக்கும் அவரிடம் யார் என்ன பேசியும் பிரயோஜனம் இல்லை.

மூலையைக் காட்டியதும் செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்வார். கையில் இருக்கும் காகிதத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணுக்கு வரப்போரமாக அத்தனை அடி நடப்பார். இரண்டாவது எண்ணுக்குப் பயிருக்குள் திரும்பி அத்தனை அடி. வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது, "மேடம், பாம்பு கீது, பாத்து" என்று சொல்லிவிட்டால்கூடப் போச்சு. திரும்ப மூலைக்கு வந்து ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். எண்ணிக்கை முடிகிற இடத்தில் ஓர் இரும்பு முளையை அடிப்பார். அங்கிருந்து பக்கத்துக்கு ஐந்து மீட்டராகக் கயிறு கட்டி ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் நிற்கிற நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும்.

அவர் விளைச்சலைக் கணக்கெடுக்கும் அரசு ஊழியர். எங்கள் ஊரில் அவரை 'முளை மேடம்' என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை.

ஊரில் இத்தனை வயல் இருக்க, நாலே நாலு வயலில் இப்படிச் சதுரம் போட்டு, அந்த நாலின் சராசரிதான் ஊரின் விளைச்சல் என்று எழுதி அனுப்புவார்கள். எந்த நாலு வயல் என்பதைக் குலுக்கிப் போட்ட எண் முடிவு செய்யும். வயலுக்குள் எந்த இடம் என்பதையும் எண்தான் முடிவு செய்யும். பயிர்க் காப்பீட்டுக்கு அந்தச் சராசரிதான் ஆதாரம். என் வயல் மூழ்கிப் போனால் என் வயலை வந்து யாரும் பார்க்கமாட்டார்கள். ஊர் மொத்தமும் ஓர் அலகு. சராசரி குறைந்தால் எல்லோருக்கும் உண்டு, குறையாவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்பதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்.

நான் அவருக்குக் கயிறு பிடித்தவன். சம்பளத்துக்கு அல்ல. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஷிப்ட் வேலை. பூந்தமல்லி தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். செம்பரம்பாக்கம் ஏரி பட்டணத்துக் குடிதண்ணீருக்குப் போய்விட்டது, எங்களுக்கு எங்கள் சித்தேரிதான். அதன் பாய்ச்சலில் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் இருக்கிறது. உழவுக்கு டிராக்டர், நடவுக்கு வெளியூர் ஆட்கள், அறுப்புக்கு மிஷின். நான் ஞாயிற்றுக்கிழமை போய் வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். அதைத்தான் விவசாயம் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தராசும் இரும்பு முளைகளும் இருந்த பையைத் தூக்க முடியாமல் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சைக் கேட்டதுமே கோயமுத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலில் இறக்கிவிட்டேன். "தம்பி, இந்தக் கயித்து முனைய ஒரு நிமிஷம் புடிக்கறீங்களா?" என்றார். அந்த ஒரு நிமிஷம் இரண்டு வருஷம் ஆனது.

எங்கள் ஊரை ஓர் அலகு என்பதே எனக்கு எரிச்சலாக இருக்கும். ரோட்டோரம் கீரையும் முள்ளங்கியும். விடிவதற்குள் கோயம்பேட்டுக்குப் போய்விடும். அதற்குப் பின்னால் எருமைக் கொட்டகைகளும் தீவனப் புல்லும். அதற்கும் பின்னால்தான் நெல். நெல்லிலும் மடைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு போகம், கடைமடைக்காரனுக்கு ஒரு போகம், அதுவும் மழை மனசு வைத்தால். இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கிச் சராசரி எடுத்தால் என்ன வரும்?

ஒருநாள் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபடி அவரே சொன்னார்: "உங்க ஊர்ல ரோட்டுப் பக்கம் சீக்கிரம் வாடறதெல்லாம் இருக்குது. உள்ள போகப் போக வாடாதது இருக்குதுங்க. பட்டணத்துக்குப் பக்கத்துல இருக்கற ஊரெல்லாம் இப்படித்தானுங்க அமையும்."

"அப்போ இந்த குடோன் இன்னா மேடம்? அதுதான் ரோட்டு மேலயே குந்திகினு கீதே?"

கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவர் கையில் சோற்றை வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "அது வாடவே வாடாதுங்க தம்பி. ஆனா பயிர்ல சேத்த முடியாது."

அந்த குடோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் லாரி லாரியாக மண் கொட்டி ஓர் ஆள் உயரத்துக்குத் தரையை ஏற்றிக் கட்டினார்கள். அடியில் எங்கள் வடிகால் போய்விட்டது. மனு கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். அதன் பிறகு பெரிய மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கடைமடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் ஏக்கர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தடவை குலுக்கலில் வந்த சர்வே எண் அந்த குடோனுக்குள் விழுந்துவிட்டது. நெல் இல்லாத இடம் என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம். டீக்கடையில் உட்கார்ந்தே எழுதலாம், மற்றவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். இவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றார். நான் அரை ஷிப்ட் பர்மிஷன் போட்டு வந்திருக்கிறேன். கேட்டில் ஒடிசாக்கார வாட்ச்மேன்.

"தென்மேற்கு மூலை எதுங்க?" என்றார் அவனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். "நெல்லு பார்க்கணுமாம்" என்றேன்.

"நெல்லு இல்ல சார். பிரிட்ஜ் இருக்கு. வாஷிங் மெஷின் இருக்கு" என்றான், பாவம், மரியாதையாக.

மேனேஜரைப் பிடித்து, அனுமதி வாங்கி, வரைபடத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, கடைசியில் அந்த மூலை லாரி டிரைவர்களின் கக்கூஸுக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய் நின்று, சுற்றிலும் ஒரு தரம் பார்த்து, 'நெல் இல்லை' என்று எழுதினார். எனக்கு அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். வண்டியில் திரும்பி வரும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பூந்தமல்லியில் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வாங்குவார். எல்லோரும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து எடுப்பார்கள் அல்லவா? அவர் கையை விட்டு வந்ததை அள்ளித் தட்டில் போடுவார். ஒருநாள் என் மனைவியும் கூட இருந்தாள். பார்க்கப் பொறுக்காமல், "இன்னாக்கா, சொத்தையெல்லாம் வருது பாருங்க, பொறுக்கி எடுங்க" என்றாள்.

"நல்லதா நான் பொறுக்கிட்டா, பின்னால வர்றவங்களுக்குச் சொத்தைதானுங்க மிஞ்சும்."

என் மனைவி வீட்டுக்கு வந்து அன்று முழுக்கச் சிரித்தாள். "அவுங்க ஊட்டுக்காரருதான் பாவம். அவரையும் இப்டித்தான் எடுத்துட்டு வந்தாங்களோ இன்னாவோ." நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் எரிச்சலும் அதிகமாக வந்தது. சரியாக இருப்பவர்களோடு இதுதான் தொல்லை. சண்டை போட வாகாக ஒன்றும் கிடைப்பதில்லை.

தேவராஜ் அண்ணன் ஒருமுறை முயன்று பார்த்தார். என் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. நாலு எருமையும் ஒன்றரை ஏக்கரும் வைத்திருந்தார். அந்த வருஷம் விளைச்சல் அமோகம். முளை விழுந்த இடமோ பனைமர நிழலில், பயிர் நோஞ்சானாக நின்ற இடத்தில். காப்பீட்டைப் பற்றியெல்லாம் அண்ணனுக்கு அப்போது நினைப்பில்லை. அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

"இன்னா மேடம் இது, என் நெல்லு மானத்த வாங்குறீங்க? அந்தாண்ட வந்து பாருங்க, கதிரு முட்டிகினு கீது. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"ஆகாதுங்க."

"ஊரே பேசும் மேடம், தேவராஜ் வயல்ல இவ்ளோதானான்னு."

"பனை மரத்துக்குக் கீழயும் உங்க வயல்தானுங்களே?"

அண்ணன் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எடை போட்டு முடிந்த பிறகு, அவருடைய தென்னை மரத்திலிருந்தே இளநீர் வெட்டச் சொல்லி வாங்கிக் குடித்தார் மேடம். வேலைக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூட யார் வீட்டிலும் தொடமாட்டார். தராசைப் பைக்குள் வைத்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், இன்னொன்று உண்டா என்றும் கேட்பார்.

அடுத்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தன. நெல் பூக்கிற நேரம் பார்த்து, கடைமடையில் பத்து நாள் தண்ணீர் வடியாமல் நின்றது. என் ஏக்கர் அழுகி நாறியது. எனக்காவது பட்டறை இருக்கிறது. தேவராஜ் அண்ணனுக்குப் பயிரும் போனது, தீவனப் புல்லும் போனது. இரண்டு எருமைகளை விற்றார். முப்பது குடும்பம் அப்படி நின்றது. காப்பீடு வந்தால் அடுத்த போகத்துக்கு விதையும் உழவும் பார்க்கலாம். வராவிட்டால் நிலத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான். குடோனுக்கு இன்னொரு கொட்டகை போட இடம் தேடிக்கொண்டு ஒரு புரோக்கர் வெள்ளைக் காரில் வாரம் ஒரு நடை வந்து விசாரித்துவிட்டுப் போனான். தண்ணீரைத் தேக்கி வைத்தவர்களே நிலத்தையும் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தை பிறந்து சோதனை அறுவடை தொடங்கியது. முதல் வயல் கடைமடையில் விழுந்தது, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அடுத்த இரண்டும் மடைப் பக்கம் விழுந்தன, மேட்டு நிலம், நன்றாகவே வந்தது. சராசரி நடுவில் வந்து தொங்கியது. நான்காவது வயலில் விளைச்சல் குறைந்தால் ஊர் தப்பிக்கும். கூடினால் அவ்வளவுதான்.

நான்காவது எண் நடுவயலில் விழுந்தது. அதன் சொந்தக்காரர் முகப்பேரில் இருக்கிறார். குத்தகைக்குப் பயிர் வைத்தவர் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். அந்த வயல் பாதி பள்ளம், பாதி மேடு.

அன்று காலையில் பத்துப் பேர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தேவராஜ் அண்ணன்தான் பேசினார். "நைனா, நீ சொன்னா அந்தம்மா கேக்கும். முளைய எங்க அடிக்கணும்னு நாங்க சொல்லல. கொஞ்சம் பாத்து செய்யச் சொல்லு."

பஸ் ஸ்டாப்பிலிருந்து வண்டியில் வரும்போதே கேட்டேன். முதலில் நயமாக. அப்புறம் கெஞ்சி. வயல் வரப்பில், எல்லோரும் பார்க்க, குரலை உயர்த்தி.

"மேடம், உங்க கையில முப்பது குடும்பம் கீது."

"என் கையில இல்லைங்க தம்பி. இருக்கக் கூடாதுன்னுதான் எண்ணு வெச்சிருக்காங்க. என் கையில இருந்துச்சுன்னா, புடிச்சவங்களுக்கு ஒரு மாதிரி, புடிக்காதவங்களுக்கு ஒரு மாதிரி பண்ணிருவேனுங்க."

"மண்ணு கொட்டி வடிகால அடச்சானே, அவன் எந்த எண்ண பாத்து கொட்டினான்?"

அதைக் கேட்டு அவர் முகம் சிறுத்துப் போனது. செருப்பைக் கழற்றினார். "தென்மேற்கு மூலை எதுங்க?" என்றார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துச் சேற்றில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது.

பயிரை மிதிக்க வேண்டாம் என்று மற்றவர்களை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, நானும் அவரும் உள்ளே போனோம். எண்ணினார். முளையை அடித்தார். அப்போது அவருக்குப் போன் வந்தது. காப்பீட்டுக் கம்பெனி ஆள் ரோட்டில் காரில் இருந்தான். ஷூ சேறாகும் என்று இறங்கமாட்டானாம், படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து எண்ணைக் காட்டச் சொன்னான்.

"கயித்தப் புடிச்சுட்டு இங்கயே நில்லுங்க தம்பி. யாரையும் கிட்ட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். முளையைச் சுற்றி நெல் விறைப்பாக, வரிசை கலையாமல் நின்றிருந்தது. கொஞ்சம் தள்ளி, மேட்டுப் பக்கம், பயிர் அப்படியே தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தது. நிற்கிற பயிர் பிழைத்த பயிர், சாய்ந்த பயிர் செத்த பயிர். ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்கு அவ்வளவுதான் தெரியும். குனிந்தேன். முளையைப் பிடுங்கினேன். சாய்ந்து கிடந்த பயிருக்குள் கொண்டுபோய் அழுத்தினேன். பழைய ஓட்டையைக் காலால் மிதித்து மூடினேன். இதயம் லேத் மிஷின் மாதிரி ஓடியது. பயிர் மறைத்ததால் வரப்பில் நின்றவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

அவர் திரும்பி வந்து முளையைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார். பிறகு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். முளையிலிருந்து அளக்க ஆரம்பித்தார். என்னை நம்பினார், வேறென்ன.

இரண்டு பெண்கள் அறுத்தார்கள். தார்ப்பாயில் போட்டு அடித்தார்கள். தூற்றத் தூற்ற நெல் குவிந்துகொண்டே போனது. பதர் கொஞ்சம்தான் பறந்தது. எடை என்றதும் கம்பெனி ஆள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். தராசைப் பார்த்தான். சிரித்தபடி கையெழுத்துப் போட்டான். மடைப் பக்கத்து வயல்களைவிட அதிகம்.

வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். தேவராஜ் அண்ணன் மட்டும் மேடத்தைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்றார். அவர் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு நான் உள்ளே போய், மிதித்து மூடிய அந்த இடத்தில் நின்றேன். விறைப்பாக நின்ற கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். உமிதான் இருந்தது. இன்னொன்றை உருவினேன். அதுவும் உமி. பள்ளத்தில் தண்ணீர் நின்றபோது பூ கருகி, ஒன்றிலும் பால் பிடிக்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லாததால்தான் அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்கிறது. மேட்டுப் பக்கத்துப் பயிர் முற்றிய கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால், நான் முளையைத் தொடுவதற்கு முன்னால் கன்னத்தில் அறைந்திருப்பார்.

எண் சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. ஊரைக் காப்பாற்றுகிற இடத்தில் அவர் முளையை அடித்திருந்தார். நான் பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஷிப்டுக்குப் போகாமல் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மாடிப்படி ஓரத்தில் நின்றபடியே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எத்தன அடி நகத்துனீங்க?" என்றார்.

"ஒரு பதினஞ்சு இருவது அடி இருக்கும் மேடம்."

"பதினஞ்சா, இருவதா?"

"தெரியல மேடம்."

"எந்தப் பக்கம்? வடக்கயா, கெழக்கயா?"

"மேட்டுப் பக்கம்."

"அது பக்கமில்லைங்க தம்பி" என்றார். டிபன் பாக்ஸை மூடினார். சாதம் பாதிக்கு மேல் இருந்தது.  "முளையப் பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. எண்ணி முடிக்கறப்ப என் காலுக்குக் கீழ ஈரமா இருந்துது. வந்து பாத்தா மண்ணு காஞ்சிருந்துச்சுங்க. நானே தப்பா நெனச்சுட்டேன்னு விட்டுட்டேன். இன்னொருக்கா எண்ணியிருக்கணும். ஒருத்தர் பேசுனாவே திரும்ப எண்ணறவ, அன்னைக்கு எண்ணாம விட்டுட்டேன்."

ஏன் எண்ணவில்லை என்று நான் கேட்கவில்லை. வரப்பில் நான் போட்ட சத்தம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அன்றே அறிக்கை எழுதினார். நான்காவது வயலில் முளை இடம் மாறியிருந்தது, அந்த எடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தன் கவனக்குறைவே காரணம். படித்துக் காட்டினார். அந்த எடையை எடுத்துவிட்டால் ஊருக்குக் கிடைத்துவிடுமா என்று கேட்டேன். "அதப் பாத்து எழுதலைங்க. தப்பான எடத்து நெல்லு, அதனால எழுதறேன்" என்றார்.

"என் பேரு எங்க மேடம்? நகத்தினவன் நான்."

"உதவிக்கு வர்றவங்க பேரு எழுத இந்தப் படிவத்துல எடமில்லைங்க தம்பி."

"ஓரத்துல எழுதுங்க மேடம். பின்னால எழுதுங்க."

"ஓரத்துல எழுதக் கூடாதுங்க."

அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே கட்டம் இல்லாததால் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. என் பெயரை எழுதித் தொலைத்திருந்தால் யாராவது என்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். ஊருக்கும் தெரிந்திருக்கும். நானும் நாலு உதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. நான்கு வயல்களின் எடையும் ஏற்கெனவே கணினியில் ஏற்றப்பட்டுவிட்டது, இனி மாற்ற வழியில்லை என்று ஒரு வரி. அவருக்குத் தனியாக ஒரு மெமோ. விளைச்சல் சரியாகவே இருந்ததால் ஊருக்குக் காப்பீடு கிடையாது. எடையை மாற்ற வழியில்லை, எடை தப்பு என்று எழுதியவரை மட்டும் மாற்ற வழி இருந்தது. தெற்கே எங்கோ போட்டார்கள். போகும்போது சொல்லிக்கொண்டு போக ஊருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை வயலில் இருப்பதாகச் சொன்னார், பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டு இருந்திருப்பார்.

தேவராஜ் அண்ணன் சித்திரையில் நிலத்தைக் கொடுத்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். கடைமடை முழுக்க மண் கொட்டியாகிவிட்டது. என் ஏக்கர் மட்டும் நடுவில் பள்ளமாகக் கிடக்கிறது. நானும் கொடுத்துவிடுவேன் என்று புரோக்கருக்குத் தெரியும், அவன் அவசரப்படவில்லை.

நான் இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீக்கடைக்குப் போவேன். போன வாரம்கூடப் போனேன். அண்ணன் பெஞ்சில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பேச்சு வழக்கம்போல் அங்கேதான் வந்து நின்றது.

"கல்லு மனசுக்காரி" என்றார். "முப்பது ஊட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போயிட்டா."

"அண்ணே" என்றேன். 

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? வரப்புல நின்னு அந்தம்மா கிட்ட நீ கெஞ்சினத நாங்க எல்லாரும் பாத்தோம்பா. அன்னிக்கி எங்களுக்கோசரம் பேசினவன் நீ ஒருத்தன்தான் நைனா. அத ஊரு மறக்காது."

சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.  வாங்கிக் குடித்தேன்.